எலி காணாமல் போன செய்தி

மார்ச் 4

அடி எலிக்காரி,

நலமா? நாளிதழில் உன் படத்தைப் பார்த்ததும் கத்தியே விட்டேன். தலை நரைத்தாலும் அதே முறைப்பு. 'பழைய வாசனை மறதியைப் போக்கும்: பேராசிரியை கண்டுபிடிப்பு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

என் வீட்டுக்காரருக்கு மறதி முற்றிவிட்டது. என்னை நர்ஸ் என்று நினைத்துக் கூப்பிடுகிறார். விடுதியில் நான் போட்ட பச்சை சோப்பு ஞாபகம் இருக்கிறதா? கல்லூரி ஆய்வகத்துக்குள் நான் நுழையும்போதே, இவர் தலையைத் தூக்காமல் "சோப்பு வந்தாச்சு" என்பாரே! அதைத் தேடிப் பிடித்து வாங்கி, தினமும் அதில்தான் குளிக்கிறேன். மாத்திரை அவரைத் தூங்குமூஞ்சியாக ஆக்குகிறது, நிறுத்திவிட்டேன். டாக்டர் நேற்று வந்தவர். நீ என்னோடு ஒரே அறையில் இருந்தவள். உனக்குத் தெரியாததா?

உன் சோப்பு

மார்ச் 9

சோப்புக் கண்ணே,

மூன்று தரம் போன் செய்தேன். வழக்கம்போல எங்கேயோ வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருப்பாய். அதனால் கூரியரில் அனுப்புகிறேன். முதலில் மாத்திரையைக் கொடு, மற்றதை அப்புறம் படி. நிறுத்தினால் அவருக்கு இன்னும் மோசமாகும்.

நாங்கள் பார்த்தது இவ்வளவுதான்: கிழட்டு எலிகள், பழகிய வாசனை வந்த பக்கம் கொஞ்சம் சீக்கிரம் திரும்பின. அதுவும் எல்லா எலியும் இல்லை. கல்லூரியின் செய்திக் குறிப்பில் 'மறதிக்குப் புது நம்பிக்கை' என்று எழுதி, எலியைக் கடைசி வரிக்குத் தள்ளினார்கள். நாளிதழில் இடமில்லையென்று அந்த வரியையே வெட்டிவிட்டார்கள். மறுப்பு எழுதினேன். வரி விளம்பரம் அளவுக்குப் போட்டார்கள், யார் கண்ணில் படும்?

அந்தக் காலத்தில் உன் வீட்டுக்காரர் சோதனைக் குழாயை உடைத்துவிட்டு நம்மைப் பார்த்து விழித்த விழிப்பை நினைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என்மேல் கோபப்படு, பரவாயில்லை. சோப்பு உன் இஷ்டம். மாத்திரையை மட்டும் நிறுத்தாதே.

எலிக்காரி

ஏப்ரல் 2

எலிக்காரி,

மாத்திரை கொடுக்கத் தொடங்கிவிட்டேன். டாக்டர் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். உன்மேலும் கோபம்தான், மறைப்பானேன். எலியைப் பற்றி எனக்கு முன்னாலேயே ஒரு வரி எழுதியிருக்கலாமே என்று நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் தலை வாரிவிடும்போது என் கையை முகர்ந்தார். "யாரும்மா நீங்க? நல்ல வாசனையா இருக்கீங்க" என்றார். சந்தோஷம் தாங்காமல் பக்கத்து வீட்டு டீச்சரிடம் சொன்னேன். சாயங்காலத்துக்குள் அவருக்கு நினைவு திரும்பிவிட்டதென்று தெருவெல்லாம் பேச்சு. கோடி வீட்டுத் தையல்காரர் தன் அப்பாவின் மாத்திரையை நிறுத்திவிட்டு, சோப்பு எங்கே கிடைக்கும் என்று வந்து நிற்கிறார்!

உன் பாடு அப்போதுதான் புரிந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். சுற்றி வளைத்துச் சொன்னால் மறுபடி வேறு கதையாகிவிடுமே என்று, எல்லா வாசலிலும் ஒரே பேச்சாகச் சொன்னேன்: "அவருக்கு என்னைத் தெரியலை."

உனக்கு எழுதியிருக்கிறேனே தவிர, அதுவரை அதை வாயால் யாரிடமும் சொன்னதில்லையடி. ஒரு நடை வந்துவிட்டுப் போ.

உன் சோப்பு