கட்டை விரல் பள்ளம்

மார்ச் 3

அன்புத் தங்கைக்கு,

உன் போனை நான் வேண்டுமென்றேதான் எடுப்பதில்லை. போன தடவை வந்தபோது, துணி தைக்கக் கொடுக்க வந்தவர்கள் காதில் விழும்படி, "அப்பாவுக்கு ஒழுங்கா சாப்பாடு போடுறியா இல்லையா?" என்று கேட்டாயே, அது இன்னும் ஆறவில்லை.

இப்போது வந்து பார். அப்பா நன்றாகப் பூசினாற்போல் ஆகிவிட்டார். கன்னம் உப்பியிருக்கிறது. செருப்பு காலில் நுழைய மாட்டேன் என்கிறது. கால்சட்டை இடுப்பைப் பிரித்து அகலமாக்கித் தைத்தேன், அதுவும் இறுக்குகிறது. தையல்காரி அளவில் தப்பு வராது, தெரியுமில்லையா? பசி மட்டும் கொஞ்சம் குறைவு.

கோபத்தோடு,
அக்கா

மார்ச் 6

அக்கா,

வார்டில் நர்ஸ் டூட்டியில் நின்றபடியே படித்தேன். உடனே உன்னைக் கூப்பிட்டேன். எத்தனை முறை அடித்தாலும் நீ போனை எடுக்கவில்லை. அதனால் உங்கள் பக்கம் வரும் எங்கள் ஆம்புலன்ஸ் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அது சதை இல்லை அக்கா, தண்ணீர். உடம்பெங்கும் முடியைவிட மெல்லிய இரத்தக் குழாய்கள் இருக்கின்றன. அவற்றின் சுவர் வழியாகத்தான் நீரும் சத்தும் சதைக்குப் போகின்றன, கழிவு திரும்புகிறது. நீர் அளவுக்கு மீறி வெளியேறாமல் பிடித்து வைப்பது இரத்தத்திலுள்ள புரதம். அது குறைந்தால் நீர் சதையிலேயே தேங்கிவிடும். நீ அளந்தது அதைத்தான்.

கணுக்காலுக்கு மேலே கட்டை விரலால் அழுத்திப் பார். பள்ளம் அப்படியே நின்றால், அந்த வண்டியிலேயே அப்பாவை ஏற்றி, உங்கள் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடு. என்னைத் திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்.

உன் தங்கை

மார்ச் 11

தங்கச்சி,

அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் பள்ளம் எழும்பவே இல்லை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எனக்கு வலிக்கலையே, நீ ஏம்மா அழற?" என்று அப்பா என்னைத் தேற்றினார்.

சிறுநீரகம் பழுதாகி, புரதமெல்லாம் சிறுநீரில் போய்விட்டதாம். ஊசி போட்டு நீரை இறக்குகிறார்கள். வீக்கம் வடிய வடிய, உள்ளே எலும்பும் தோலுமாக ஒரு மனிதர் தெரிகிறார். இவரையா பூசினாற்போல் என்று உனக்குப் பெருமையாக எழுதினேன்? நம்பவே முடியவில்லை. பிழைப்பாரா என்று கேட்டால் டாக்டர் பார்க்கலாம் என்கிறார்.

ஆனால் நான் பட்டினி போடவில்லை. அதையும் டாக்டரிடம் கேட்டுவிட்டேன். "சாப்பாட்டால வந்தது இல்லைம்மா" என்றார். அன்று எல்லார் முன்னாலும் கேட்டதற்கு நீ என்னிடம் மன்னிப்பாக ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். போனில் சொன்னால் ஏற்றுக்கொள்ள மாட்டேன், நேரில் வந்து சொல். அப்பா முகத்தைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் தைரியம் இல்லை.

அக்கா