இஸ்திரிப் பெட்டிப் பாட்டு

மே 6

அன்புள்ள குட்டிக்கு,

போனில் பேசினால் குரல் உடைந்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன். நம் வாலுவுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. யாரும் கேள்விப்படாத பாட்டுக் குழுக்களைத் தேடிப்பிடித்துக் கேட்பதுதான் இப்போது அவளுக்கு முழுநேர வேலை. நேற்று நாள் முழுக்க லேப்பில் வருகிறவர்களுக்கெல்லாம் ரத்தம் எடுத்துவிட்டு வந்தேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, ‘அம்மா, புதுசா ஒரு பாட்டு, கேளேன்’ என்று காதில் மாட்டிவிட்டாள். கிடார், டிரம்ஸ், யாரோ ஒரு பெண்ணின் குரல். பாட்டில், வீட்டைவிட்டே போகிற புருஷன் வாசலில் நின்று, ‘இஸ்திரிப் பெட்டிய அணைச்சிட்டியா?’ என்று கேட்கிறான்.

அவர் கடைசியாக என்னிடம் கேட்டது அது. உன்னைத் தவிர யாரிடமும் நான் சொன்னதில்லை. வாலுவைப் பொறுத்தவரை அப்பா வேலை மாற்றலாகிப் போயிருக்கிறார்.

எழுதியது நீயா?

அக்கா

மே 11

அன்புள்ள அக்கா,

நான்தான். ஹோட்டல் வரவேற்பில் கூட வேலை பார்ப்பவர்களோடு சேர்ந்து, ஒருத்தர் வீட்டுக் கார் ஷெட்டில் விளையாட்டாக ஆரம்பித்தோம். வரி எழுதச் சொன்னார்கள். உட்கார்ந்தால் அது மட்டும்தான் வந்தது. உன்னைக் கேட்டால் வேண்டாம் என்பாய் என்று தெரிந்தேதான் கேட்கவில்லை. முகம் தெரியாதவர்கள் எல்லாம் பாராட்டி எழுதினார்கள், எனக்கும் தலைகால் புரியவில்லை.

பாட்டை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட்டேன். குழுவில் யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நீயாவது நன்றாகத் திட்டி எழுது.

உன் குட்டி

மே 27

அன்புள்ள குட்டிக்கு,

பாட்டைக் காணோம் என்று வாலு வீட்டையே ரெண்டாக்கிவிட்டாள். குழுவுக்கே எழுதிக் கேட்கப் போவதாகச் சொன்னாள். ‘எழுதாதே, அது என் கதை’ என்று சொல்லிவிட்டேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. அவள்தான் வந்து குழாயை மூடினாள். அப்பா மாற்றலாகிப் போகவில்லை என்று அவளுக்கு எப்போதோ தெரியுமாம்.

‘நீ அழுவியேன்னுதான் கேக்கல’ என்றாள்.

என் பொய்யை இத்தனை நாள் அந்தப் பிள்ளை சுமந்திருக்கிறது. உன்னைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

பாட்டைத் திரும்பப் போடு. நல்ல பாட்டுதான், அவள் கேட்கட்டும்.

ஆனால் கொஞ்ச நாளைக்குப் போன் பண்ணாதே. எது நடந்தாலும் முதலில் உன்னிடம் சொல்லியே பழகிவிட்டேன். சொல்லாமல் இருந்து பழக வேண்டும்.

அக்கா