நெற்றி துடைத்த கை

இன்று ஆராதனை முடிந்ததும் சபை மண்டபத்துப் பின்னறையில் இளையோர் பழைய பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஓர் ஈரத்தாள் பாக்கெட்டைக் கிழிக்க, எலுமிச்சை வாசனை அறை முழுக்கப் பரவியது. "ஆன்ட்டி, முகத்துல வண்ணத்துப்பூச்சி வரையற சாயம் காய்ஞ்சு போச்சு. புதுசு வாங்கலாமா?" என்று ஒரு பெண் கேட்டாள். நான் வெளியே வந்து காரில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு எப்படியோ ஆயர் ஈத்தாம் பகுதியிலுள்ள என் வீட்டுக்கு வந்து சேர்ந்து உனக்கு எழுதுகிறேன். நடுநடுவே எழுந்து வாசல்வரை போய் வருகிறேன். நீ இருந்தால், "ஒரு எடத்துல இருடி, காத்தாடி" என்பாய்.

அடுத்த மாதம் சபையிலிருந்து மறுபடி அந்த எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குப் போகிறார்கள். குழுவை நான் நடத்த வேண்டுமாம். ஆனால் பாஸ்டர் ஒரு வாக்குக் கேட்கிறார். எந்தப் பிள்ளைக்கும் என் கையால் திருநீறு பூசிவிட மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டுமாம். நாளைக்குள் பதில் வேண்டும். நீ போன பிறகும் உன் வழக்கு முடியவில்லை, பார்.

அந்த முதல் பயணத்துக்கு வேனில் ஏறும்போதே நீ கிண்டலை ஆரம்பித்துவிட்டாய். "ஆப்பிரிக்காவுக்கு அனுப்பற மாதிரி கண்ணீரோட ஜெபம் பண்றாங்க. பாலத்தத் தாண்டுனா நிபோங் திபால் ஊர்தான்லா. மத்தியானம் பசியாற வீட்டுக்கே வந்துடலாம்." வேனுக்குள் எல்லாரும் சிரித்தார்கள், பாஸ்டர்கூட. ஒரு வாரம் தோட்டத்து மண்டபத்தில் தங்கி, பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு மாலையில் பொம்மலாட்டம், பாட்டு, விளையாட்டு என்று திட்டம் போட்டிருந்தோம். கூட்டம் சேர்க்க முதல் நாளே முகத்தில் படம் வரைவது என்று முடிவு. அது உன் பொறுப்பு.

நீ குழந்தைகள் வார்டில் தாதியாக இருந்தவள். எதைத் தடவுவதற்கு முன்பும் இடத்தைச் சுத்தம் செய்யாமல் உனக்குக் கை ஓடாது. வரிசையில் வந்த ஒவ்வொரு பிள்ளையின் நெற்றியையும் ஈரத்தாளால் பதமாகத் துடைத்தாய். அதன் பிறகுதான் பூவும் பூனையும் வண்ணத்துப்பூச்சியும். பிள்ளைகள் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சிரித்தன. நமக்கும் சந்தோஷம்தான். குப்பைக்கூடையில் கிடந்த தாள்களில் திருநீறும் குங்குமமும் அப்பியிருந்ததை நாம் யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் ஒரு பிள்ளையும் வரவில்லை. பொம்மைகளை மாட்டிய கைகளோடு நாம் காத்திருந்தோம். கடைசியில், மண்டபத்துச் சாவி வைத்திருந்த மனிதர்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். "வந்த அன்னிக்கே பிள்ளைங்க திருநீற அழிச்சிட்டீங்களாமே. லயத்து வீடுகள்ல எல்லாரும் பேசிக்கிறாங்க." உன் முகம் செத்துப்போனது. இதெல்லாம் எதிர்ப்பு, ஜெபிப்போம் என்றார் பாஸ்டர். நீ செருப்பை மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாய். நானும் பின்னால் ஓடி வந்தேன்.

முதல் நாள் வரிசையில் வந்த பிள்ளை ஒருத்தியின் அம்மா கலா. அவள் வீட்டுக்கு நாம் போனபோது அவள் அப்போதுதான் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வந்திருந்தாள். புக்கிட் தெங்காவில் ஏதோ மின்னணுப் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. அவள் மகள் தர்ஷினி கதவுக்குப் பின்னால் நின்று நம்மை எட்டிப் பார்த்தாள். கலா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நமக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"விடியறதுக்கு முன்னாடியே பிள்ளைய எழுப்பி, தலைக்கு ஊத்தி, சாமிகிட்ட நிக்க வெச்சு நெத்தியில பூசி விட்டுட்டுதான் நான் பஸ் ஏறுவேன். அவங்க அப்பாவும் தோட்டத்துல பனங்குலை வெட்டப் போயிடுவாரு. பொழுதுக்கும் அவ தனிதான். அந்தத் திருநீறு அவ கூட இருக்குதுங்கற தைரியத்துலதான் நான் வேல செய்றேன். அதத் தொடச்சிட்டீங்களேக்கா."

நீ தெரியாமல் செய்துவிட்டேன் என்றாய். அதற்கு மேல் உன் பக்கத்து நியாயம் எதையும் சொல்லவில்லை. எனக்கோ ஆஸ்பத்திரிப் பழக்கம், கிருமி என்று விளக்கம் சொல்ல நாக்கு துடித்தது. உன் கண் தர்ஷினியின் தலையில் நின்றது. ஈரத்தோடு அள்ளிக் கட்டி, சிக்குப் பிடித்து, கூடு மாதிரி இருந்தது அந்த முடி. "காலையில யாரும்மா தல பின்னி விடறது?" என்றாய்.

யாருமில்லை என்றாள் கலா. ஈரம் காய்வதற்குள் பஸ் வந்துவிடும். பள்ளியில் இரட்டைச் சடை கட்டாயம், தினமும் திட்டு. ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குக் கூட்டிப் போய் ஒட்ட வெட்டிவிடலாம் என்று அப்பா முடிவு செய்துவிட்டாராம். அதைச் சொன்னதும் கதவுக்குப் பின்னால் விசும்பல் கேட்டது.

"காலையில நான் வந்து பின்னி விடட்டா?"

கலா உன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "தலைய மட்டும். நெத்திப் பக்கம் கை போகக்கூடாது."

பல நூறு பேருக்கு வசனம் சொல்லப் போன நாம், மறுநாள் காலை இருட்டில் ஒரு பிள்ளையின் சிக்கெடுத்துக்கொண்டிருந்தோம். துண்டால் துவட்டி, நுனியிலிருந்து மேல்நோக்கி, வலிக்காமல் சிக்கெடுத்தாய். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்து, பார்த்தபடியே தங்கள் ரிப்பன்களை நீட்டின. வாரக் கடைசியில் ஒரு வரிசையே உட்கார்ந்தது. நீ முதல் பெண்ணுக்குப் பின்ன, அவள் முன்னால் இருந்தவளுக்குப் பின்ன, அவள் அடுத்தவளுக்கு. நாம் இல்லாவிட்டாலும் நடக்கும்படி செய்துவிட்டாய். தர்ஷினியின் முடியை யாரும் வெட்டவில்லை. பொம்மைகள் பெட்டியிலேயே கிடந்தன.

இத்தோடு நின்றிருந்தால் சபையில் உனக்குச் சால்வை போர்த்தியிருப்பார்கள். கிளம்பும் நாள் காலையில் உன் கையிலிருந்த எண்ணெய் தர்ஷினியின் நெற்றியில் வழிந்து, அம்மா பூசிவிட்டுப் போன திருநீறு கரைந்துபோனது. நீ பதறிக் கையை இழுத்துக்கொண்டாய். அவள் உள்ளே ஓடித் திருநீற்றுக் கிண்ணத்தை எடுத்து வந்து நீட்டினாள். "பூசி விடுங்க ஆன்ட்டி."

"அம்மா நெத்தியத் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்கம்மா."

"அது அழிக்கறதுக்கு. பூசலாம்."

பாஸ்டர் மண்டபத்திலிருந்து நம்மை அழைத்துப் போக வந்து, மைலோ பான டம்ளரோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் உன்னைப் பார்த்தேன். நீ அவரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. ஒரு விரலால் தொட்டு, புண்ணுக்கு மருந்து தடவுவதுபோல் மெதுவாகத் தடவினாய். "மூணு விரல்ல, ஆன்ட்டி," என்று அவள் திருத்தினாள். நீயும் மூன்று விரலால் பூசினாய். திருநீறே அறியாத வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நீ.

அதற்குப் பிறகு நடந்த கூட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது. சபையில் நீ நடத்திய ஓய்வுநாள் பள்ளி வகுப்பை உன்னிடமிருந்து பறித்துவிட்டார்கள். உனக்குப் பிள்ளை இல்லை. அந்த வகுப்புப் பிள்ளைகள்தான் உன் பிள்ளைகள் என்பது மேசையைச் சுற்றி இருந்த எல்லாருக்கும் தெரியும். நான் எழுந்து கத்தினேன். சாம்பல் புதனன்று கிறிஸ்தவர்கள் நெற்றியில் இடுவது என்ன, சந்தனமா என்று கேட்டேன். "அது கத்தோலிக்கர் வழக்கம், நமக்கு எதற்கு?" என்றார் பாஸ்டர். நீ என் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாய்.

திரும்பி வரும்போது காரில் சொன்னாய்: "அவர் சொல்றதும் சரிடி. நான் செஞ்சதும் சரிதான்."

இரண்டும் எப்படிச் சரியாகும் என்று நான் கேட்காத நாளில்லை. நீ சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவாய். அந்த வகுப்புப் பிள்ளைகள் பாடும்போது கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்பாய். நோய் வந்த பிறகும் அதே வரிசை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். உனக்கு வராததால் இன்னும் கூடுதலாக வரும்.

உன் அடக்கத்தன்று கலா வந்திருந்தாள், வேலைக்கு லீவு போட்டு. கூடவே தர்ஷினி, நெடுநெடுவென்று வளர்ந்து, நீளச் சடையோடு. பெட்டிக்கு அருகில் வந்ததும் அவள் கைக்குட்டையில் மடித்திருந்த திருநீற்றைப் பிரித்தாள். முன்வரிசையில் எல்லாரும் உறைந்து போனார்கள். பாஸ்டர் ஓரடி முன்னால் வந்தார். அதற்குள் கலா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்மா. அது அவங்க நெத்தி. அவங்க வழக்கம் வேற."

தர்ஷினி மறுபடி மடித்து வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். பூசட்டும் என்று ஒரு வார்த்தை சொல்ல மனம் தவித்தது. கலா செய்ததுதான் சரி என்றும் தெரிந்தது. அன்றைக்குத்தான் உன் இரண்டு சரியும் ஒரே நேரத்தில் என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தன. இன்னும் இறங்கவில்லை.

கிளம்பும்போது தர்ஷினி என்னிடம் கேட்டாள்: "தல பின்னிக்க சின்னப் பிள்ளைங்க நெறைய சேந்திருக்கு ஆன்ட்டி. அந்த ஆன்ட்டிக்குப் பதிலா நீங்க வருவீங்களா?" உனக்குப் பதிலாக நானா? எனக்குப் பொறுமை கிடையாது, சிக்கெடுத்தால் பிள்ளைகள் அலறும். அப்போதைக்குத் தலையை மட்டும் ஆட்டி வைத்தேன்.

நாளை பாஸ்டரிடம் போகிறேன். சண்டை போடப் போவதில்லை. அவர் பயம் அவருக்கு. வருகிறேன், ஆனால் அந்த வாக்கை மட்டும் தர மாட்டேன் என்று சொல்லப் போகிறேன். நானாகப் போய் யார் நெற்றியையும் தொட மாட்டேன். ஆனால் என் கையால் ஒரு பிள்ளையிடம் ஏதாவது அழிந்துபோனால், அதைத் திரும்ப வைத்துவிட்டுத்தான் எழுந்து வருவேன். அவர் வேண்டாமென்றால் என் காரில் தனியாகப் போவேன். நிம்மதியாகப் போவேன் என்று மட்டும் நினைத்துவிடாதே.