வாழ்த்துக்குக் கீழே ஒரு வரி

ஒக்ரோபர் 12, ஞாயிறு

மரியோ வந்து போனான். விட்பி நகரத்தில் எங்களுக்கு வீடு பார்த்துத் தருபவன். மகள் அட்சயா ஜேர்சியோடு நிற்கும் படம் வேண்டுமாம். "அண்ணை, பேப்பரில தீபாவளிக்கு ஒரு வாழ்த்துப் போடுவம். அமெரிக்க யூனிவேர்சிற்றியில கூடைப்பந்து விளையாடுற எங்கட பிள்ளையெல்லே! வீடு வாங்கி முடிய என்ர கமிசனில அஞ்சாயிரம் உங்களுக்குத் திருப்பித் தாறன்."

படத்தை அனுப்பிவிட்டேன். "பிள்ளையைக் கேட்டனீங்களோ?" என்றாள் மனைவி நிரூபா. வாழ்த்துக்கு என்ன கேட்கிறது?

ஒக்ரோபர் 19

அரைப்பக்கம்! கடையில் ஐந்து பிரதி அள்ளிக்கொண்டு வந்தேன். 'புலமைப்பரிசில் பெற்ற அட்சயாவை வாழ்த்துகிறோம்.' கீழே சின்ன எழுத்தில், 'இவரது குடும்பத்தின் வீட்டு முகவர் மரியோ. நீங்களும் வீடு வாங்க அழையுங்கள்.' யாருடைய படம் பெரிது என்று நிரூபா விரலால் அளந்தாள். மரியோவினுடையதுதான்.

நவம்பர் 4, செவ்வாய்

அட்சயா போன் எடுத்தாள். யாரோ அந்தப் பக்கத்தை இணையத்தில் ஏற்றி, அது அவளுடைய பல்கலைக்கழக அலுவலகம் வரை போய்விட்டது. எல்லை தாண்டி மாணவர் விசாவில் போனவள் தன் படத்தால் சம்பாதிக்கக் கூடாதாம். விசாரித்து முடியும்வரை விளையாட விடமாட்டார்கள். புலமைப்பரிசிலே போனாலும் போகலாமாம்.

"அப்பா, அந்தப் பக்கத்தை இங்கிலிஷில எழுதித் தாங்கோ, அலுவலகத்தில குடுக்க வேணும். ஏதும் வாங்கினீங்களோ?"

"சீச்சீ. வெறும் வாழ்த்துப் பிள்ளை."

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அங்கே போனபோது அவர்களுடைய கடையில் அவளுடைய இருபத்திரண்டாம் இலக்க ஜேர்சியை நூற்றுப்பத்து டொலர் கொடுத்து நானே வாங்கினேன். கூட விளையாடும் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு இப்போது அதில் பங்கு உண்டாம். இவளுக்கு ஒரு சதமும் இல்லை. ரிக்கற், ரீவி, சப்பாத்துக் கொம்பனி — எல்லாரும் என்ர பிள்ளையை வைச்சு உழைக்கலாம். அவள் மட்டும் விளையாட்டுக்காக விளையாட வேணும். இதென்ன நியாயம்?

நவம்பர் 5

ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். வாழ்த்தை மட்டும். கீழ்வரியை விட்டுவிட்டேன். அங்கே யாருக்குத் தமிழ் தெரியும்?

நவம்பர் 9, ஞாயிறு

வீடியோவில் வந்தாள். கையில் அந்தப் பக்கம். பத்து வருடம் சனிக்கிழமைகளில் அழ அழத் தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனவன் நான். எழுத்துக் கூட்டினாள்.

"வீ... டு. வீடு. வாங்... க." நிமிர்ந்து பார்த்தாள். "வீடு எண்டா ஹவுஸ்தானே அப்பா? நீங்கள் எழுதினதில உது இல்லையே?"

நான் கமராவிலிருந்து முகத்தைத் திருப்பினேன்.

"எல்லாம் சரி எண்டு நான் அதில சைன் வைக்கப் போனனான். அது என்ர பேர், அப்பா."

அஞ்சாயிரத்தையும் சொன்னேன். அவள் அழவில்லை. "ஓகே" என்று வைத்துவிட்டாள்.

வெட்கம். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருக்கு. அவங்கள் பிள்ளையை விக்கிறாங்கள் எண்டு கத்தினனே — நான் என்ன செய்தனான்? அவர்களாவது சேர்க்கும்போது அவளிடம் கையெழுத்து வாங்கினார்கள். நான் கேட்கக்கூட இல்லை. கேட்டால் மாட்டன் எண்டு சொல்லுவாள் எண்டு தெரிஞ்சுதானே கேட்கேல்லை?

நவம்பர் 10

எல்லா வரியையும் எழுதி, நடந்ததையும் எழுதி, என் பெயரிலேயே அலுவலகத்துக்கு அனுப்பினேன். மரியோவிடம் காசு வேண்டாம் என்றேன். "என்னண்ணை, ஒரு வாழ்த்துக்குப் போய் இவ்வளவோ?" என்றான். அவனை ஏச முடியவில்லை. நானும் அதைத்தானே சொன்னேன்.

நவம்பர் 21

அலுவலகத்தின் முடிவு வந்தது. ஆறு ஆட்டம் அவள் வெளியே. புலமைப்பரிசில் தப்பியது. தாயோடு மட்டும் கதைக்கிறாள். நான் அறைக்குள் வந்தால் குரல் நின்றுவிடுகிறது.

நவம்பர் 30

இன்றும் என்னோடு கதை இல்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

பனிக்குள் ஐந்து மணி நேரம் ஓடிப் போய்ப் பார்த்தோம். பதினொரு புள்ளி எடுத்தாள். அந்த ஜேர்சியைப் போட்டுக்கொண்டு, தொண்டை அடைக்கும் மட்டும் கத்தினேன். முடிந்தபின் தாயைக் கட்டிப்பிடித்தாள். எனக்குத் தலையாட்டினாள்.

வீடு வந்து சேர, போனில் அவளுடைய செய்தி.

"அப்பா, நீங்கள் எழும்பி நிண்டு கத்துற படம் ஒண்டு இருக்கு. இன்ஸ்ராவில போடட்டோ? கேக்காமப் போடமாட்டன்."

மூன்று தரம் வாசித்தேன். 'ஓம்' என்று மட்டும் அனுப்பினேன். கீழே என்ன வரி எழுதுவாய் என்று கேட்க எனக்கு முகம் இல்லை.