கோந்தும் ஊர் அக்காவுக்கு

அக்கா,

சேலம் செவ்வாய்ப்பேட்டைச் சந்தையில் இன்று மழை பிடித்துக்கொண்டது. கருவாட்டுக்காரியின் கூடை நனைந்து, உப்பும் மீனும் கலந்த தண்ணீர் மண்ணில் வழிந்து என் காலடி வரை வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். நான் மட்டும் பையைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன். உங்கள் சமையற்கட்டில் ஜாடியில் இருந்த மீன்சாற்றின் வாடை அது. அங்கே அன்னமிய ஜனங்கள் சோற்றில் விட்டுச் சாப்பிடுவது. புளி கிடைக்காத நாளில் நீங்கள் அதைக் குழம்பிலேயே ஊற்றிவிட்டு, "தின்னு, செத்துப்போக மாட்டே" என்பீர்கள். கருவாட்டுக்காரி, "ஏனுங்க, எடை போடட்டுங்களா?" என்று கேட்டாள். வேண்டாமென்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். வந்ததிலிருந்து ஒரே அசதி. அடுப்பு மூட்டக்கூட எழுந்திருக்கவில்லை. உங்களோடு கொஞ்சம் பேசலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

இங்கே யாரிடமாவது கோந்தும் என்று சொன்னால், ஒட்டுகிற கோந்தா என்று சிரிக்கிறார்கள். பிரெஞ்சுக்காரன் ஆண்ட அன்னம் தேசத்தில், மலைமேல், ஒரு ஜில்லாவுக்குத் தலைநகர் என்று சொல்லிப் பார்ப்பேன். தலைநகர் என்றதும் பெரிய கடைவீதியும் ரயிலடியுமாக நினைத்துக்கொள்கிறார்கள். அங்கே என்ன இருந்தது? இரண்டு மூன்று செம்மண் தெரு. துரை பங்களா, தபாலாபீஸ், ஒரு சீனாக்காரன் கடை. முழுக்க மரத்தாலேயே கட்டின மாதா கோயில். தெருவைத் தாண்டினால் பானார்கள் என்கிற மலை ஜனங்களின் குடிசைகள். அவற்றின் நடுவில், கோடாலியின் வாயை வானத்துக்குத் திருப்பி வைத்த மாதிரி ஓர் உயரமான கூரை. ஊரை ஒட்டி தாப்லா ஆறு. கடல் கிழக்கே இருக்க, அந்த ஆறு மேற்கே பார்த்து ஓடும். "எனக்கும் இதுக்கும் ஒரே புத்தி, வீட்டுப் பக்கம் போகத் தெரியலை" என்று நீங்கள் சொல்வீர்கள்.

என் வீட்டுக்காரர் இங்கே ஓமலூர் பக்கம் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். கோந்தும் வேலை, சைகோனில் இருந்த அவருடைய மாமா பிடித்துக்கொடுத்தது. கடலோரத்திலிருந்து இரண்டு கணவாய் ஏறி, கோந்துமுக்குத் தபால் லாரி கொண்டுவர வேண்டும். அவர் கிளம்பிவிட்டால் நான் தனி. பேச ஒரு ஜீவன் கிடையாது. வாயைத் திறக்காமலே நாக்கு தடித்துப்போன மாதிரி இருக்கும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் முழங்காலில் இருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல், "மாதாவே, என்ன குளிரு இது, எலும்பே நடுங்குது" என்றது. தமிழ்! பூசை என்பதையும் மறந்து திரும்பிப் பார்த்தேன். கறுப்பு முக்காட்டுக்குள் உங்கள் முகம். எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் என் தோளைத் தட்டி, "திரும்பிக்க, சாமியார் பார்க்கிறார். அப்புறமா அழுவோம்" என்றீர்கள்.

அப்புறம் அழவில்லை. உங்கள் வீட்டுக்கு இழுத்துப்போய்க் காப்பி கொடுத்தீர்கள். என் பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சிரித்தீர்கள். "என்னடி, மூச்சுக்கு மூச்சு ஒரு 'ங்க'? ஊடுங்க, ஆமாங்க, வாரேனுங்க... நாய்க்கும் 'ங்க' போடுவியா?" "போடுவோமுங்க" என்றேன். நீங்கள் காரைக்கால். உங்கள் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பிரஜை, தபாலாபீஸ் குமாஸ்தா, காலுக்குப் பூட்ஸ் போடுகிறவர். நான் லாரி ஓட்டுகிறவர் பெண்சாதி. நம் ஊரில் என்றால் நீங்கள் எனக்கு நாற்காலி போட்டிருப்பீர்களா என்று தெரியாது. அங்கே நாம் இரண்டே பேர்.

லூர்துக்கு அப்போது எட்டு ஒன்பது வயது இருக்கும். உங்களைக் கட்டுவதற்கு முன்னால் உங்கள் வீட்டுக்காரர் ஓர் அன்னமியப் பெண்ணோடு வாழ்ந்திருந்தார். அவள் காய்ச்சலில் போய்விட்டாள், இந்தப் பெண் குழந்தை மிஞ்சியது. இப்படி ஒரு குழந்தை இருக்கிறது என்பதே கப்பலை விட்டு இறங்கின பிறகுதான் உங்களுக்குச் சொல்லப்பட்டது. அதை என்னிடம் ஒரே ஒரு தடவை, கீரை ஆய்ந்துகொண்டே சொன்னீர்கள். "ரெண்டு நாள் நான் சோறு தின்னலை. அப்புறம் அது வந்து தட்டை நீட்டிச்சு, பசிக்குதுன்னு. போட்டேன். நானும் கூட உட்கார்ந்து தின்னேன். அவ்வளவுதான் கதை." வேறு பிள்ளை உங்களுக்குப் பிறக்கவில்லை. அவள் உங்களோடு தமிழ் பேசினாள், தெருவில் அன்னமியம், கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு, அங்கே வந்த மலைப் பெண்களோடு பானார் பாஷை. என்னைச் சித்தி என்றாள்.

அப்புறம் அந்த வருஷத்து மழை வந்தது. வரவேண்டிய நாளில் லாரி வரவில்லை. மறுநாளும் இல்லை. கணவாயில் மலை சரிந்து பாதையே போய்விட்டது என்று சேதி வந்தது. தந்திக் கம்பியும் அறுந்துவிட்டதாம். நாம் துரை ஆபீசில் போய் நின்றோம். மழை விட்டதும் ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். மழை விடுகிற மாதிரியே இல்லை. "மேலே சொல்லிட்டாங்க, பொறுத்திருப்போம்" என்றார் உங்கள் வீட்டுக்காரர். நீங்கள் அவரை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் குடையை எடுத்தீர்கள்.

"நீங்க பொறுத்திருங்க. லூர்து, கிளம்பு. நீயும் எந்திரிடி, சேலத்துக்காரி."

ஆற்றுக்கு அக்கரையில் இருந்த பானார் கிராமத்துப் பெண் ஒருத்தி உங்களிடம் உப்பு வாங்கிக்கொண்டு பரங்கிக்காய் கொடுத்துவிட்டுப் போவாள். அந்த ஒரு பழக்கத்தை நம்பித்தான், அவர்களிடம் ஆள் கேட்கக் கிளம்பினீர்கள். மரத்தைக் குடைந்து செய்த ஓடம். ஆறு செம்மண் குழம்பாக நுரைத்துக்கொண்டு போயிற்று. ஓடக்காரன் வேண்டாமென்று கையை ஆட்டினான். நீங்கள் ஏறி உட்கார்ந்தீர்கள். நானும் லூர்தும் உங்கள் முதுகைக் கட்டிக்கொண்டோம். "சேசு மரி சூசை" என்று நீங்கள் சொல்லிக்கொண்டே வந்தது என் காதுக்கு மேல் தண்ணீர்ச் சத்தத்தோடு கேட்டது.

அந்தக் கிராமத்திலும் அதே மாதிரி ஓர் உயரமான கூரை, அதற்குக் கீழே ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு ஜாடி, அதில் அரிசிக் கள், உறிஞ்ச நீளமான மூங்கில் குழல். பேச்சுக்கு முன்னால் விருந்தாளி குடித்தாக வேண்டும். ஜாடியின் வாய்க்குள் கள்ளில் முழுகியிருந்த குச்சி வெளியே தெரிகிற வரைக்கும் குடிக்க வேண்டும். கள்ளுக்கடை இருக்கிற தெருவில்கூட நடக்காத நீங்கள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, குழலில் வாய் வைத்தீர்கள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. நிறுத்தினீர்கள். "இன்னும் கொஞ்சம்மா, குச்சி தெரியலை" என்றாள் லூர்து. மறுபடியும் குனிந்தீர்கள்.

அதற்குப் பிறகுதான் பெரியவர் பேசினார். இவள் யார், இவள் புருஷனுக்காக நீ ஏன் வந்தாய் என்று கேட்டாராம். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். லூர்து உங்களுக்காகக் காத்திருக்கவில்லை. அவளே என்னவோ சொன்னாள். பெரியவர் தலையை ஆட்டினார். வாலிபர்கள் எழுந்து கத்தியையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிவிட்டார்கள். "என்ன சொன்னே?" என்று கேட்டோம். "அவரு வரலைன்னா சித்தி எங்க வீட்டுல தினமும் அழுவாங்க, எங்களால தாங்க முடியாதுன்னு சொன்னேன்" என்றாள்.

திரும்பி வரும்போது ஓடத்தில் உங்களுக்கு ஒரே சிரிப்பு. பிறகு ஆற்றிலேயே வாந்தி எடுத்தீர்கள். வாயைத் துடைத்துக்கொண்டு என்னிடம், "உன் புருஷன் வந்துடுவான்டி. நான் இவ்வளவு குடிச்சதுக்காவது வரணும்" என்றீர்கள்.

வந்தார். மூங்கில் தூளியில் போட்டு, காட்டு வழியே சுமந்து வந்தார்கள். சரிவில் உருண்ட லாரிக்கு அடியில் கால் மாட்டியிருந்தது. தபால் மூட்டையைப் போர்த்திக்கொண்டு, மழைத்தண்ணீரைக் குடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். கன்னியாஸ்திரீகள் எலும்பைச் சேர்த்துக் கட்டினார்கள். பிழைத்தார், ஆனால் இடது கால் குட்டையாகிப் போயிற்று. இனி லாரி ஓட்ட முடியாது என்று ஆனதும் ஊர் திரும்புவதைத் தவிர எங்களுக்கு வேறு வழி இல்லை. ஐரோப்பாவில் சண்டை வரப்போகிறது என்று அப்போதே பேச்சாக இருந்தது.

கடைசி நாள் லாரியடியில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களும் வந்துருங்க அக்கா. லீவு போட்டுக்கிட்டு காரைக்காலுக்கு வந்துருங்க" என்றேன். நீங்கள் லூர்தைக் காட்டினீர்கள். "இவளை எந்த வீட்டுல ஏத்துவாங்க? விருந்துல இவளுக்குத் தனியா ஒரு மூலையில இலை போடுவாங்க. அதைப் பார்க்கவா நான் கப்பலேறணும்? போடி, போய் அவர் காலுக்கு எண்ணெய் போட்டு நீவிவிடு." லாரி கிளம்பிய பிறகு நான் திரும்பிப் பார்த்தபோது நீங்கள் ஏற்கெனவே வீட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தீர்கள். நின்று கையசைக்கிற ஆள் இல்லை நீங்கள்.

சண்டை வந்தது. கடுதாசி நின்றது. இங்கே அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றே என் காலம் போயிற்று. அவர் லாரிப் பட்டறையில் உட்கார்ந்தபடி இஞ்சின் வேலை பார்க்கிறார். குளிர் காலத்தில் கால் குத்தும். அப்போது யார் என்ன பேசினாலும் எரிந்து விழுவார். எனக்கு இரண்டு பிள்ளைகள். அரிசிப்பாளையத்தில் ஒரே ஓர் அறையும் சமையற்கட்டும் உள்ள வீடு. ஒவ்வொரு நாளும் விடிந்ததும் இந்த நாளை எப்படித் தள்ளுவது என்றுதான் எழுந்திருக்கிறேன். உங்களை நினைக்காத நாளும் இருந்தது, அக்கா.

சண்டை முடிந்து கப்பல் விட்ட பிறகு, ஒரு மத்தியானம் வாசலில் உங்கள் வீட்டுக்காரர் நின்றார். அடையாளமே தெரியவில்லை. காலில் பூட்ஸ் இல்லை. அவருக்குப் பின்னால் உயரமாக ஒரு பெண். அவர் உட்காராமலே சொன்னார். ஜப்பான்காரன் பிரெஞ்சு உத்தியோகஸ்தர்களைப் பிடித்து அடைத்தபோது அவரையும் அடைத்துவிட்டானாம். அந்தச் சமயத்தில் உங்களுக்கு மலைக் காய்ச்சல். ஊரில் கொயினா ஒரு மாத்திரை கிடைக்கவில்லை. லூர்துதான் பக்கத்தில் இருந்தாள். மரக்கோயிலுக்குப் பின்னால் அடக்கம்.

"காரைக்காலுக்குத்தான் முதல்ல கூட்டிட்டுப் போனேன்" என்றார். "என் அக்கா தங்கச்சிங்க கொல்லைப்புறத்து அறையைக் காட்டினாங்க. அவ சாகிறதுக்கு முன்னாடி இவகிட்டச் சொல்லியிருக்கா, காரைக்கால் வேணாம், சேலத்துக்குப் போன்னு."

எனக்கு உடனே சந்தோஷம் வந்தது என்று சொல்ல மாட்டேன். நீங்கள் இல்லை என்பதே இன்னும் உள்ளே இறங்கவில்லை. அதற்குள் இன்னொரு வயிறு, இன்னொரு பாய், தெருவில் கிளம்பப் போகிற பேச்சு, எல்லாம் ஒன்றாக மேலே சாய்ந்த மாதிரி இருந்தது. நான் வாசற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கட்டிலில் படுத்திருந்த என் வீட்டுக்காரர் எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தார். லூர்தை நிமிர்ந்து பார்த்தார். "என்ன நிக்க வெச்சுப் பேசிக்கிட்டு? புள்ளைக்குக் கால் கழுவத் தண்ணி எடுத்து வையி" என்றார். நான் தண்ணீர் எடுத்து வைத்தேன்; உங்கள் வீட்டுக்காரர் அவளை எங்களிடம் விட்டுவிட்டுக் காரைக்காலுக்குத் திரும்பினார்.

அவள் இப்போது கன்னியாஸ்திரீகளின் ஆஸ்பத்திரியில் நர்சு வேலை கற்றுக்கொள்கிறாள். என் வீட்டுக்காரர் எரிந்து விழும்போது அவர் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு நீவிவிடுகிறவள் அவள்தான். தெருவில் சீனாக்காரி என்கிறார்கள். பெண் கேட்டு ஒரு குடும்பம் வந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். நான் அன்றைக்கு முழுக்கப் பாத்திரத்தைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். அவள் சாதம் வடித்துப் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு எனக்கும் ஒரு தட்டு கொண்டுவந்து வைத்தாள்.

போன வாரம் கல்லறைத் திருநாள். எங்கள் மாமனார் மாமியார் கல்லறைக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் லூர்தைக் காணோம். தோட்டத்தின் கோடியில், சிலுவை சாய்ந்து, பேர் எல்லாம் அழிந்துபோன ஒரு கல்லறைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். யாருடையது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மண்ணைக் கையாலேயே தட்டிச் சமன் செய்து, தான் கொண்டுவந்த மெழுகுவர்த்தியை அங்கே ஏற்றினாள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"அம்மாவோடதையும் அங்க யாராச்சும் இப்படிப் பண்ணுவாங்க, இல்லைங்களா சித்தி?"

"பண்ணுவாங்க சாமி" என்றேன்.

சொல்லிவிட்டேன், அக்கா. உண்மையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவள் நம்பிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அன்றிலிருந்து நானும் நம்பப் பார்க்கிறேன்.