பிரித்துவிட்ட தையல்

மார்ச் 4

சலவைக் கடைக்கு இன்றும் போகவில்லை. நீராவி இஸ்திரிப் பெட்டி முழங்கையில் சுட்ட புண் ஆறிவிட்டது. ஆறிய இடம்தான் தடித்துக்கொண்டே போகிறது, சிவப்பாக, கயிறு மாதிரி. கை பாதிதான் நீள்கிறது. நீளாவிட்டால் வேலை இல்லை என்று முதலாளியம்மா சொல்லிவிட்டாள். கேட்டுக்கொண்டு வந்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

மார்ச் 6

காயம்தான் மூடிவிட்டதே, பிறகு ஏன் வளர்கிறது என்று டாக்டரிடம் கேட்டேன்.

"மூடினது உங்க உடம்புக்குத் தெரியல. தோலை ஒட்டுற நாரைப் பின்னிக்கிட்டே இருக்கு. ஆழமான தீக்காயம், ஆறவும் ரொம்ப நாளாச்சு. மூட்டு வேற இழுத்துக்கிட்டே இருக்கு."

காயத்தின் எல்லையைத் தாண்டிப் படரும் வகை இல்லையாம். அந்தமட்டும் தப்பித்தேனாம். கையை இறுக்கிப் பிடிக்கும் உறை ஒன்று தந்தார். அழுத்தினால் அங்கே ரத்த ஓட்டம் குறைந்து தழும்பு அடங்குமாம். குளிக்க மட்டும்தான் கழற்றலாம்.

மார்ச் 9

உறை உயிரை எடுக்கிறது. பல்லைக் கடித்துக்கொள்வது நான், முகம் சுருங்குவது என் வீட்டுக்காரருக்கு. ஊரார் உடம்பையெல்லாம் அளந்து தைக்கிற தையற்காரர் அல்லவா! "அளவு தெரியாத எவனோ தைச்சிருக்கான்" என்று திட்டுகிறார். உறையைத் துவைத்துத் தருவதும் அவர்தான்.

மார்ச் 27

உறை இப்போது உறுத்துவதே இல்லை. பழகிவிட்டது போல.

ஏப்ரல் 17

தழும்பு இன்னும் உயர்ந்திருக்கிறது. டாக்டர் உறையைப் புரட்டிப் பார்த்தார். "இந்த ஓரத்தை யாரு பிரிச்சுத் தைச்சது?"

இவர் தரையைப் பார்த்தார். துவைக்கும்போதெல்லாம் தையலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து விட்டிருக்கிறார்.

"இறுக்குதுன்னு யார் வந்தாலும் பிரிச்சு விட்டே பழகின கை. நீ படுற பாட்டைப் பாக்க முடியல..."

பாவி மனுஷன்! என் கையை முடக்கிட்டாரே! ஆஸ்பத்திரி வாசலிலேயே கத்தினேன். "உங்க பாசத்துக்கு மட்டும் அளவெடுக்கத் தெரியாதா?" வீட்டுக்கு வந்தும் கத்தினேன். இத்தனை மாசமா எங்கே போயிருந்தது இந்தக் கோபம்?

ஏப்ரல் 18

அவரோடு பேசவில்லை.

ஏப்ரல் 25

புது உறை வந்தது. அவரைத் தொடவிடவில்லை. ஒற்றைக் கையால் மாட்டத்தான் முடியவில்லை. கடைசியில் அவரிடமே கையை நீட்டினேன்.

செப்டம்பர் 2

தழும்பு தணிந்து வெளுத்திருக்கிறது. கை முக்கால்வாசி நீள்கிறது. அதற்கு மேல் ஆபரேஷன்தான் என்கிறார் டாக்டர். கடையில் என் மேசையில் வேறொருத்தி நிற்கிறாள். அதை நினைத்து நேற்றுதான் அழுதேன்.

காலையில் உறையை மாட்டிவிட்டார். பாதியில் அவர் கை நின்றது.

"வலிக்குதா?"

"வலிக்குது. விடாம இழுங்க."

இழுத்தார்.