தினமும் வரும் காப்பியை நிறுத்து

அவிநாசி

அன்பு மகள் லோகப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம். கனடாக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். இன்னும் ஒடிந்துகிடக்கிறது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிற கையால்தான் இதை எழுதுகிறேன். கட்டுப் பிரித்து மாதக்கணக்காகிறது. ஆனாலும் கை ஒடிந்தபோது நீ அங்கிருந்து ஏற்பாடு செய்த கடைக் காப்பி தினமும் காலையில் வாசலுக்கு வந்துவிடுகிறது. இரண்டு வாய்க் காப்பிக்கு ஒரு அட்டைப்பெட்டி, வெள்ளித்தாள் பை, காகித டம்ளர், பிளாஸ்டிக் மூடி, சர்க்கரைப் பொட்டலம். உன் அப்பாவோ "சூடாத்தான இருக்குது, உடு" என்று ஊதிக் குடிக்கிறார். எல்லாவற்றையும் தெருமுனைக் குப்பைத் தொட்டியில்தான் போடுகிறோம், நாய் இழுத்துத் தெருவெல்லாம் பரப்புகிறது. பால் வாசத்துக்குப் பக்கத்து வீட்டுத் தெய்வாத்தாளின் மாடு அதைத் தின்றிருக்கிறது. நேற்று மாட்டு டாக்டர் வந்து வயிற்றைத் திறந்து குப்பையை அள்ளி அள்ளிப் போட்டார். எல்லாமே நம் வீட்டுக் குப்பை என்று சொல்லமாட்டேன், ஆனால் அந்தக் காப்பிக் கடையின் சிவப்பு மூடிகளை நானே பார்த்தேன். மாடு இன்னும் அசை போடவில்லை. கன்று கத்திக்கொண்டே இருக்கிறது.

நம் வீட்டு ஃபில்டர் காப்பிக்கு அந்த மாட்டுப் பால்தானே அம்மணி, போசிப் பாத்திரத்தில் வாங்கி வருவோம், பாக்கெட்டுகூடக் கிடையாது, சக்கை கறிவேப்பிலைச் செடிக்குப் போய்விடும். உன் காப்பி வந்ததும் பாலையும் நிறுத்தினோம். நீ அங்கே கடைக்குச் சொந்த டம்ளர் கொண்டுபோவதைப் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்புகிறாய். கரும்பலகையில் 'தூய்மை' என்று அழகாக எழுதிவிட்டுச் சாக்பீஸ் தூளைப் பக்கத்துப் பிள்ளையின் முகத்தில் ஊதுகிறவளை நான் என் வகுப்பில் என்ன செய்திருப்பேன்? அதைத்தான் நீ செய்கிறாய். தெய்வாத்தாளிடம் மன்னிப்புக் கேட்க நான் போனேன். "ஏனுங்க டீச்சர், என்ற மாடு உங்களுக்கு என்னுங்க பண்ணுச்சு? காப்பி அனுப்புனது பாப்பா, மன்னாப்பு மட்டும் நீங்க கேக்கறீங்களா?" என்றாள். 

இதைப் படித்ததும் அந்தக் காப்பியை நிறுத்து. கடைக்காரனிடம் கேட்டால் நீ சொன்னால்தான் நிறுத்த முடியும் என்கிறான். கோபத்தில் எழுதினாலும் நீ நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும் கண்ணு. காதை மூடிக்கொண்டு வெளியே போ, சளி பிடிக்கும்.

உன் அம்மா,
ராசாத்தாள்

மறவாதே: தெய்வாத்தாளுக்கு நீயே போன் செய். நம்மூர் விடியற்காலையில் கூப்பிடு. கறவை இல்லாததால் அந்நேரம் அவள் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறாள்.